அலாச்சுவா கவுண்டியில் ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியுமா? (கெய்ன்ஸ்வில், ஃப்ளோரிடா)

எடிசன்_கயல்

எல்லாருக்கும் வணக்கம். பதினோரு வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கணவருக்கு கெய்ன்ஸ்வில்லில், ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வருடத்துக்கு 74,000 டாலர். இங்கே வாங்குவதைவிட நன்றாகவே குறைவு, ஆனால் அவருக்குப் பிடித்த வேலை. எனக்கு அங்கே வந்துதான் வேலை தேட வேண்டும். கிடைக்கும்வரை ஒரு சம்பளம்தான். மகளுக்கு ஏழு வயது.

யாரைக் கேட்டாலும் "தெற்கே எல்லாம் மலிவு, மாநில வருமான வரியும் கிடையாது, யோசிக்காமல் போங்கள்" என்கிறார்கள். யோசிக்காமல் போய் எனக்குப் பழக்கமில்லை. மூன்று பேர், ஒரு சம்பளம், கடன் இல்லாமல் ஓட்ட முடியுமா? அங்கே இருப்பவர்களும் சொல்லுங்கள், இருந்துவிட்டுக் கிளம்பியவர்களும் சொல்லுங்கள்.

ஆர்ச்சர்ரோடு

பதினான்கு வருடமாக இங்கேதான் இருக்கிறேன். முடியும். ஆனால் வாடகையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

வீடு பார்க்கும்போது வாடகை எவ்வளவு என்று கேட்ட கையோடு "கரண்ட் யாருடையது?" என்றும் கேளுங்கள். ஊருக்குள்ளும் ஊரை ஒட்டியும் பெரும்பாலும் ஜிஆர்யு. கெய்ன்ஸ்வில்லின் சொந்த மின்வாரியம். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், காஸ் எல்லாம் ஒரே பில்லில் வரும். மாநிலத்திலேயே கட்டணம் அதிகம் என்ற பெயர் அதற்கு நெடுநாளாக உண்டு. கொஞ்சம் தள்ளிப் போனால் கிளே எலக்ட்ரிக் என்ற கூட்டுறவு, சில இடங்களில் டியூக். நியூபெரிக்கும் அலாச்சுவா ஊருக்கும் தனித்தனி நகராட்சி மின்சாரம். ஒரே சாலையில் இந்தப் பக்கம் ஒரு கம்பெனி, அந்தப் பக்கம் இன்னொன்று என்றுகூட இருக்கும்.

ஏன் இவ்வளவு கட்டணம் என்று கேட்டால் அது ஒரு பாரதம். சுருக்கமாகச் சொல்கிறேன். 2009-இல் மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் 100 மெகாவாட் நிலையம் ஒன்றோடு நகரம் 30 வருட ஒப்பந்தம் போட்டது. அதற்குள் இயற்கை எரிவாயு விலை படுத்துவிட்டது. எரித்தாலும் காசு, எரிக்காவிட்டாலும் காசு. கடைசியில் 2017-இல் 75 கோடி டாலர் கொடுத்து நிலையத்தையே விலைக்கு வாங்கினார்கள். அந்தக் கடனும் நாம் கட்டும் பில்லில்தான் இருக்கிறது. 2023-இல் மாநிலச் சட்டமன்றம் வாரியத்தை நகர கமிஷனிடமிருந்து (நம்மூர் நகர மன்றம் மாதிரி) பிடுங்கி, ஆளுநர் நியமிக்கும் குழுவிடம் கொடுத்தது. 2024 நவம்பரில் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் திருப்பிக் கேட்டார்கள், விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. இங்கே இரண்டு பேர் டீ குடிக்க உட்கார்ந்தால் பேச்சு இதில்தான் வந்து நிற்கும்.

ஆனாலும் எல்லாப் பழியையும் வாரியத்தின் மேல் போட மாட்டேன். நான் முதலில் வாங்கியது 1978-இல் கட்டிய வீடு. ஆகஸ்ட் பில் 340 டாலர். இரண்டு கோடை அதைக் கட்டிவிட்டு, மூன்றாம் கோடையில்தான் பரணில் ஏறிப் பார்த்தேன். ஏசி குழாயில் ஓர் இணைப்பு விட்டுப்போய், குளிர்காற்றில் பாதி பரணுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருடம் எலிகளுக்கு ஏசி போட்டுக் கொடுத்திருக்கிறேன். டேப்பும் பசையும் வாங்க நாற்பது டாலர்கூட ஆகவில்லை.

வாடகைக்குப் போனாலும் அந்த முகவரிக்குப் போன வருடம் என்ன பில் வந்தது என்று விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆராய்ச்சி_மாணவன்

கயல் அக்கா, நான் இங்கே நாலாம் வருட பிஹெச்டி. வீடு தேடும்போது விளம்பரத்தில் "மாதம் 750 டாலர்" என்று பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள். அது ஒரு அறையின் வாடகை. நாலு படுக்கையறை வீட்டில் நாலு பேருக்கும் தனித்தனி ஒப்பந்தம். மற்ற மூன்று பேர் யார் என்பதை வீட்டு நிர்வாகமே முடிவு செய்யும். என் முதல் வருடத்தில் அப்படித்தான் மாட்டினேன். ஒருவன் பாம்பு வளர்த்தான். குடும்பத்துக்கு முழு வீட்டு ஒப்பந்தம் வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று, இந்த ஊரின் நாட்காட்டி ஜனவரியில் ஆரம்பிப்பதில்லை, ஆகஸ்டில் ஆரம்பிக்கிறது. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் படிக்கும் பல்கலைக்கழகம். பாதி ஊர் ஒரே நேரத்தில் வீடு மாறும். பழைய ஒப்பந்தம் ஜூலை 31-இல் முடியும், புதியது ஆகஸ்ட் பாதியில்தான் தொடங்கும். நடுவில் இரண்டு வாரம் சாமானோடு நடுத்தெருவில் நிற்க வேண்டும். நான் ஒரு தடவை லேபில் தூங்கினேன். பேராசிரியருக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் சொல்லவில்லை.

அதிலும் ஒரு லாபம் உண்டு. அந்த இரண்டு வாரத்தில் குப்பைத்தொட்டிகள் பக்கம் ஒரு நடை போனால் மேசை, நாற்காலி, புத்தக அலமாரி, மைக்ரோவேவ் எல்லாம் நிற்கும். என் வீட்டில் காசு கொடுத்து வாங்கியது மெத்தை மட்டும்தான். துணி போட்ட சோஃபாவை மட்டும் தொடாதீர்கள். மூட்டைப்பூச்சி இலவச இணைப்பு.

ஆர்ச்சர்ரோடு

தம்பி சொல்வது சரி. முடிந்தால் ஏப்ரலிலேயே வீட்டைப் பிடியுங்கள். இல்லையென்றால் செப்டம்பர்வரை பொறுத்திருங்கள், நிரம்பாத வீடுகளுக்கு ஒரு மாத வாடகையைக் குறைத்துக் கொடுப்பார்கள். ஜூலைக் கடைசியில் வந்து தேடினால் மிச்சம் மீதிதான்.

நீங்கள் கேட்ட கணக்கு. 74,000 சம்பளத்தில் பிடித்தம் எல்லாம் போக மாதம் 5,000 சொச்சம் கைக்கு வரும். வாடகை 1,600 என்று வைத்துக்கொள்ளுங்கள் (தென்மேற்குப் பக்கம் நல்ல இரண்டு படுக்கையறைக்கு என் நண்பர் அவ்வளவுதான் கொடுக்கிறார்). கரண்ட், தண்ணீர் சராசரி 250. மளிகை 750, அதில் அரிசி பருப்பு வாங்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆர்லாண்டோ போகிற செலவும் சேர்த்தி. போன், இணையம் 150. பெட்ரோல் 150. இதுவரைக்கும் வலிக்காது. வலிக்கிற இடம் கார் இன்ஷூரன்ஸ். ஃப்ளோரிடா நோ-ஃபால்ட் மாநிலம், யார் இடித்தாலும் முதலில் அவரவர் பாலிசியில்தான் மருத்துவச் செலவு. பிரீமியம் கூடுதலாக இருக்க அது ஒரு காரணம். மயாமியோடு ஒப்பிட்டால் இங்கே பரவாயில்லை, ஆனாலும் வாங்கப் போகும் முன் இங்கேயுள்ள பின்கோடு போட்டு விலை கேட்டுவிடுங்கள்.

முதல் வருடம் ஒரே காரில் ஓட்டிப் பாருங்கள். பல்கலைக்கழக அடையாள அட்டை இருந்தால் நகரப் பேருந்தில் டிக்கெட் இல்லை, ஊழியர்களுக்கும் அப்படித்தான். ஆனால் பேருந்தும் பல்கலைக்கழகத்தை நம்பித்தான் ஓடுகிறது. மாணவர்கள் விடுமுறைக்குப் போனால் அதுவும் பாதி விடுமுறை எடுத்துக்கொள்ளும்.

டாம்பாவுக்குப்_போனவன்

எல்லாரும் செலவைப் பற்றியே சொல்கிறீர்கள், வருமானத்தைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். ஆறு வருடம் இருந்துவிட்டுக் கிளம்பினோம். காரணம் ஒன்றே ஒன்று, மனைவிக்கு வேலை.

அந்த ஊரில் வேலை கொடுக்கிற பெரிய இடங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்: பல்கலைக்கழகம், அதன் ஷாண்ட்ஸ் மருத்துவமனை, முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனை, பள்ளி வாரியம், நகராட்சி. அலாச்சுவா ஊரில் ப்ரோக்ரஸ் பார்க் பக்கம் கொஞ்சம் பயோடெக் கம்பெனிகள். அவ்வளவுதான். கணவன் மனைவி இருவரும் ஒரே முதலாளியிடம் வேலை பார்க்கும் ஊர் அது. ஒருவருக்கு வேலை போனால் மாற்று வேலை வேறு ஊரில்தான். எல்லாரும் படித்தவர்கள், எல்லாரும் அதே வேலைக்கு மனுப் போடுவார்கள், அதனால் சம்பளமும் ஏறாது. என் மனைவி எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஒன்றரை வருடம் ஓர் அலுவலகத்தில் தற்காலிகமாக மணிக்கணக்குச் சம்பளத்துக்கு இருந்தாள்.

விமானம் இன்னொரு தலைவலி. உள்ளூர் விமான நிலையத்தில் அட்லாண்டா, சார்லட் போல இரண்டு மூன்று ஊருக்குத்தான். ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தால் ஆர்லாண்டோவுக்கோ ஜாக்சன்வில்லுக்கோ ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ராத்திரி போன் வந்தபோதுதான் அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது.

ஹெய்ல்_மீனா

டாம்பா அண்ணா சொல்வதை மறுக்க மாட்டேன், எனக்கும் வேலை கிடைக்க பதினொரு மாதம் ஆனது. பள்ளிக்கூடத்தில் மாற்று ஆசிரியையாகப் போய், அங்கிருந்து நிரந்தரமானேன். கயல், உங்கள் துறை எது என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

நான் சொல்ல வந்தது வீடு வாங்குவது பற்றி. இங்கே விலைக்கு வரும் வீட்டின் பக்கத்தில் "சொத்து வரி வருடம் 1,500" என்று போட்டிருக்கும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது பழைய சொந்தக்காரரின் வரி. சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்த மாநிலத்தில் மதிப்பீடு வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. இருபத்தைந்து வருடம் இருந்த பாட்டிக்கு அதனால் வரி குறைவு. நீங்கள் வாங்கியதும் அடுத்த ஜனவரி 1-இல் சந்தை விலைக்கு மதிப்பீடு தாவும். எங்களுக்கு 1,700 என்று காட்டியது, அடுத்த வருடம் 4,600 வந்தது. வரியும் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை 240 டாலர் கூடியது. வங்கிக்காரர், ஏஜென்ட் யாரும் வாயே திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வாங்கியபின் ஹோம்ஸ்டெட் சலுகைக்கு (சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கான வரிச் சலுகை) மார்ச் 1-க்குள் விண்ணப்பிக்க மறக்காதீர்கள். சுமார் 50,000 டாலர்வரை மதிப்பில் கழிவு, அதோடுதான் அந்த 3 சதவீத வரம்பும் வரும்.

இந்தக் கவுண்டியில் வரி விகிதம் அதிகமாகத் தெரிய ஒரு காரணம், பல்கலைக்கழகம், மருத்துவமனை, அரசு நிலம், தேவாலயம் என்று பெரும்பகுதிச் சொத்துக்கு வரியே இல்லை. மிச்சம் இருக்கிறவர்கள் தலையில்தான் எல்லாம்.

எச்ஒன்பி_காரன்

மீனா அக்கா, ஹோம்ஸ்டெட் எல்லாருக்கும் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எச்-1பி தற்காலிக விசா என்பதால் பொதுவாக மறுப்பார்கள். கிரீன் கார்டு வேண்டும். குடியுரிமை உள்ள மைனர் குழந்தை கூட இருந்தால் அந்த அடிப்படையில் கேட்டு வாங்கியவர்கள் உண்டு. சலுகை இல்லாதவர்களுக்கு வரம்பு 10 சதவீதம், அதுவும் பள்ளி வரிக்குப் பொருந்தாது.

அப்புறம், 2025 அக்டோபரில் மாநில ஆளுநர் டிசாண்டிஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் எச்-1பியில் ஆள் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று அறிவித்தார். எச்-1பியில் இங்கே வர நினைப்பவர்கள், துறைத் தலைவர் வாயால் சொன்னதை நம்பாமல் விசா விவகாரத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

எடிசன்_கயல்

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. எங்களுக்குப் போன வருடம் கிரீன் கார்டு வந்துவிட்டது, அந்த ஒரு கவலை இல்லை. நான் மருத்துவமனை பில்லிங் வேலை பார்க்கிறேன். பள்ளிகள் எப்படி? புயல், பாம்பு, முதலை பற்றி மாமியார் தினமும் வீடியோ அனுப்புகிறார்.

ஹெய்ல்_மீனா

பில்லிங்கா? அப்படியானால் டாம்பா அண்ணா பயமுறுத்தியதில் பாதியை எடுத்துவிடுங்கள். இந்த அளவு ஊருக்கு இவ்வளவு மருத்துவமனை இருப்பது அபூர்வம். சுற்றியுள்ள பல கவுண்டிகளிலிருந்து நோயாளிகள் இங்கேதான் வருகிறார்கள்.

பள்ளி விஷயம். மேற்கே இருக்கும் புகோல்ஸ் உயர்நிலைப்பள்ளியின் கணக்கு அணி தேசியப் போட்டியில் பல வருடம் முதலிடம் வந்தது. அதைச் சொல்லியே நம் ஆட்கள் அந்தப் பக்கம் வீடு வாங்குகிறார்கள். ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டம் கிழக்கே ஈஸ்ட்சைட் பள்ளியில். பி.கே. யாங் என்று பல்கலைக்கழகத்தின் சொந்தப் பள்ளி ஒன்று உண்டு, அதற்குக் குலுக்கல்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஊர் இரண்டு ஊர். மெயின் ஸ்ட்ரீட்டுக்குக் கிழக்கே பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள், வருமானம் குறைவு. கடை, டாக்டர், புதுச் சாலை எல்லாம் மேற்கே. "கிழக்கே போகாதே" என்று வந்த முதல் வாரமே நம் ஆட்களே சொல்லித் தருவார்கள். ஈஸ்ட்சைடில் நாலு வருடம் படித்த என் பையனுக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே கோபம் வரும். 2022-இல் நகர கமிஷன், தனி வீடுகள் மட்டும் இருந்த தெருக்களில் சின்ன அடுக்கு வீடுகளையும் கட்டலாம் என்று ஓட்டுப் போட்டது. அடுத்த வருடமே புது கமிஷன் வந்து அதை ரத்து செய்தது. வாடகை குறைய வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், பக்கத்து மனையில் நாலு வீடு வருவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

ஆர்ச்சர்ரோடு

மாமியாருக்குப் பதில்.

புயல்: கடற்கரையில் இல்லாததால் அலை வராது. காற்றும் மழையும் வரும். 2017-இல் இர்மா, 2023-இல் இடாலியா, 2024-இல் ஹெலீன். ஊரெங்கும் கிழட்டு ஓக் மரங்கள், கிளை விழுந்து கம்பி அறுந்தால் மூன்று நான்கு நாள் கரண்ட் போகும். வீட்டு இன்ஷூரன்ஸ் கேட்கும்போது முதல் கேள்வியே கூரைக்கு எத்தனை வயது என்பதுதான். பதினைந்து வருடம் தாண்டிய கூரை என்றால் வீடு மலிவாக இருந்தாலும் யோசியுங்கள்.

பள்ளம்: அடியில் சுண்ணாம்புக் கல், திடீரென்று உள்வாங்கும். அலாச்சுவா என்ற பெயரே அப்படிப்பட்ட பள்ளத்தைக் குறிக்கும் பழங்குடிச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். டெவில்ஸ் மில்ஹாப்பர் என்ற 120 அடிப் பள்ளத்தைப் பூங்காவாகவே வைத்திருக்கிறார்கள், படியிறங்கிப் பார்க்கலாம். வீடே குடியிருக்க முடியாதபடி இடிந்து இறங்கினால் சாதாரண பாலிசி பார்த்துக்கொள்ளும், சுவர் விரிசலுக்கெல்லாம் தனியாகப் பணம் கட்டி சேர்க்க வேண்டும்.

முதலை: இருக்கிறது. பெய்ன்ஸ் ப்ரெய்ரி பூங்காவில் லா சுவா பாதையில் நடந்தால் ஒரே காலையில் முப்பது பார்க்கலாம். காட்டெருமையும் உண்டு. அதன் போக்கில் விட்டால் நம் போக்கில் விடும். எனக்கு முதலையைவிட பிப்ரவரியில் வரும் ஓக் மகரந்தம்தான் எதிரி. கார் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி நிற்கும், மூக்கு ஒரு மாதம் வேலை செய்யாது.

மகளைச் சாயங்காலம் லேக் ஆலிஸ் பக்கம் கூட்டிப் போங்கள். பல்கலைக்கழகம் கட்டி வைத்த வவ்வால் வீடுகள் இருக்கின்றன, லட்சக்கணக்கில் வவ்வால். சூரியன் மறைந்து பதினைந்து நிமிடத்தில் புகை மாதிரி கிளம்பும். சத்தம் மழை பெய்கிற மாதிரி இருக்கும். பழைய ஆட்கள் கூட்டத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள், ஏன் என்று முதல் நாளே தெரிந்துவிடும். காசு கிடையாது. ஏழு வயதுக்கு டிஸ்னியைவிட இது பிடிக்கும் என்று என் மகள் சொல்வாள், அவள் இப்போது கல்லூரியில் இருக்கிறாள்.

கல்லூரி என்றதும் ஞாபகம் வருகிறது. மாநில மாணவர்களுக்கு இங்கே ஒரு கிரெடிட் 212 டாலர் சொச்சம், வருடத்துக்கு 6,400கூட வராது. நல்ல மதிப்பெண் இருந்தால் பிரைட் ஃப்யூச்சர்ஸ் உதவித்தொகையில் அதுவும் போய்விடும். நியூ ஜெர்சியோடு வித்தியாசம் பார்ப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஆராய்ச்சி_மாணவன்

பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையை யாரும் சொல்லவில்லையே. ஸ்டேடியத்தில் மட்டும் 88,000 பேருக்கு மேல் உட்காரலாம். அன்று காலையில் யூனிவர்சிட்டி அவென்யூ பக்கம் காரை எடுத்தால் கதை முடிந்தது. ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம் கழித்துப் பப்ளிக்ஸ் போங்கள் அக்கா, கடையில் நீங்களும் கல்லாவில் இருக்கும் பையனும்தான்.

ஜாக்சன்வில் போகும்போது வால்டோ என்ற ஊர் வரும், அங்கே வேகத்தைக் குறையுங்கள். டிக்கெட் கொடுத்தே பிழைத்த ஊர் என்று பேர், 2014-இல் போலீஸ் துறையையே மூடினார்கள். ஆனாலும் காலைத் தூக்கி ஓட்டுவதே பழக்கமாகிவிட்டது.

எடிசன்_கயல்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முடிவு செய்துவிட்டோம், வருகிறோம். வீடு வாங்குவது பற்றி மீனா சொன்னதைக் கேட்டபின், முதல் வருடம் வாடகைதான். தென்மேற்கில் இரண்டு படுக்கையறை, 1,575, முழு வீட்டு ஒப்பந்தம், ஆகஸ்ட் 14 முதல். கிளே எலக்ட்ரிக்! போன வருட ஆகஸ்ட் பில் எவ்வளவு என்று கேட்டதும் அலுவலகப் பெண் "நீங்கள் ஏற்கனவே இந்த ஊரா?" என்றாள். ஒரு காரை விற்றுவிட்டோம். ஷாண்ட்ஸில் இரண்டு வேலைக்கு மனுப் போட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஒன்பது வருடமாகத் தொட்டியில் வளர்க்கும் கறிவேப்பிலை இருக்கிறது. காரில் பின் சீட்டில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம்தானே?

ஆர்ச்சர்ரோடு

கூடாது. ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்த நோயைப் பரப்புகிற பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். அதனால் மாநிலம் விட்டு மாநிலம் செடியைக் கொண்டுவரக் கட்டுப்பாடு உண்டு. அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள், மனசு கஷ்டம்தான்.

என் வீட்டில் தாய்ச்செடியைச் சுற்றி ஏழு கன்று நிற்கிறது. ஆகஸ்ட் 15 சாயங்காலம் வந்து ஒன்றைத் தோண்டிக்கொள்ளுங்கள். ஜனவரியில் பனி விழும் ராத்திரிகளில் மட்டும் உள்ளே தூக்கி வைக்க வேண்டும், அதனால் தொட்டியோடு வாருங்கள்.